முதல் கியர்

எட்டு பவுண்டு கட்டி
இந்த மேட்டை விலைக்கு வாங்கியிருக்கிறேன்.
வாரத்துக்கு ஆறு நாள்
சம்பளம் வாங்கிக்கொண்டு ஏறுகிற அதே மேடு.

சிவப்புத் தபால் வேனில்
பிரின்கோச் பாலத்தில் இரண்டாவது கியர்,
தேவாலயத் திருப்பத்தில் முதல் கியர்,
வானொலியில் வானிலை அறிக்கை முடிவதற்குள் உச்சி.
இன்று என்னிடம் ஒரே கியர்தான்.
அதையும் எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

ஊர்க்கூடத்தில் எலினெட் எண்களைக் கொடுத்தாள்.
எனக்கு இருநூற்றுப் பதினான்கு.
ஊக்கு மூன்றுதான் மிச்சமாம்.
நாலாவது மூலை
காற்றில் படபடத்துக்கொண்டே வரும்,
கூடவே பறக்கும் குருவி போல
என்று எழுதலாம்.
உண்மையில் எரிச்சல்.

வேல்ஸ் தூறலில்
இத்வால் பள்ளிக்கூட மணியை அடித்தார்.
நூற்று எழுபத்தொரு பேர்
ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தை அழுத்தினோம்.

முதல் கிலோமீட்டர் இறக்கம்.
இறக்கம் பொய் சொல்லும்.
உனக்கு இன்னும் வயதாகவில்லை என்னும்,
பால்பண்ணைக்காரர் மகனோடு
கதை பேசிக்கொண்டே ஓடலாம் என்னும்.
நம்பினேன்.

பாலம் தாண்டியதும் பேச்சு நின்றது.
முதலில் பெரிய வாக்கியங்கள் போயின.
பிறகு சின்னவை.
பிறகு எழுவாய், அப்புறம் பயனிலை.
கடைசியில் ஒரு 'ம்' மட்டும்
எல்லோரிடமும் மிஞ்சியது.

வீடுகளுக்கு முகவரி உண்டு.
மேட்டுக்குக் கிடையாது.
பழைய ஆலைக்கும் கல்கொட்டகைக்கும் நடுவே
ஒரு கடிதம்கூட வராத அறுநூறு மீட்டர்,
வேனில் ஒரு இருமலுக்குள் முடிந்துபோவது.
அங்கே சாலை
சுவர் மாதிரி எழுந்து நின்று
யார் நீ என்றது.
இருபத்திரண்டு வருடமாய் இந்த வழியில்தான்
என்று சொல்ல மூச்சில்லை.

தொடை இரண்டும் நனைந்த உப்பு மூட்டை.
இதயம் காதுக்குக் குடிவந்துவிட்டது.
முன்னால் பல் மருத்துவர் ரோட்ரி
நடக்க ஆரம்பித்தார்.
அவர் நடக்கிறார், நான் ஓடுகிறேன்,
ஆனாலும் நடுவே இருந்த இடைவெளி
ஒரு சாண்கூடக் குறையவில்லை.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு
நானும் நடந்தேன்.
மானம் போனால் போகட்டும்,
நுரையீரல் இருக்கட்டும்.

நடந்தபோதுதான் கேட்டது:
சாலைக்கு அடியில் ஒரு ஓடை.
இத்தனை காலமும்
எஞ்சின் சத்தத்தோடு
அதன் தலைமேல் போய்வந்திருக்கிறேன்.

உச்சிக்கு முந்தின கேட்டில்
எம்ரிஸும் அவர் நாயும்.
அந்த நாய்க்கு என்னைப் பிடிக்காது.
வேன் சத்தம் கேட்டதும்
என் கணுக்காலைத் தேடி வரும்.
இன்று நான்
வேன் இல்லாமல், சீருடை இல்லாமல்,
தள்ளாடிக்கொண்டு வருகிறேன்.
வந்து முகர்ந்தது.
முழங்காலில் வழிந்த உப்பை
ஒரு தடவை நக்கியது.
யாரோ வெளியூர்க்காரி என்று முடிவு செய்து
வழி விட்டது.

எம்ரிஸ்தான் கேட்டார்:
"எனக்கு ஏதாவது வந்திருக்கா?"
கையை விரித்தேன்.

அதற்கப்புறம் மறுபடியும் இறக்கம்,
மறுபடியும் அதே பொய்.
இந்தத் தடவை முழங்கால் நம்பவில்லை.

நூற்று அறுபத்து மூன்றாவதாய் வந்தேன்.
ஊர்க்கூடத்தில் தேநீர், உலர்திராட்சை ரொட்டி.
ஜெயித்தவனுக்குக் கைநீள லீக் தண்டு ஒன்று பரிசு.
நான் வருவதற்குள் அவன் குளித்து, சாப்பிட்டு,
பஸ் ஏறிவிட்டான்.
அவனைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.
ரோட்ரி என்னைவிட நாலு நொடி முன்னால்.
அதுதான் தொடையைவிட வலிக்கிறது.
செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு பார்சல் வரவேண்டியிருக்கிறது.
வரட்டும், மெதுவாகக் கொண்டுபோகலாம்.

திங்கட்கிழமை.
பழைய ஆலை தாண்டியதும் வேன் முனகியது.
வழக்கமாய் நான் அதைத் திட்டும் இடம்.
ஒன்றும் சொல்லாமல்
முதல் கியருக்குப் போனேன்.
கண்ணாடியை இறக்கினேன், ஓடை கேட்கவில்லை.

உச்சியில் கதவைத் திறந்து
மரத்துப்போன காலை
மெல்லக் கீழே வைப்பதற்குள்
வந்துவிட்டது நாய்,
எல்லாப் பல்லோடும்.